அவன் உள்விளக்கு எரியவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

கேக் சுடும் மின்சார அடுப்பான அவனுக்குள் (oven) இருக்கும் விளக்கு அழகுக்காக வைத்ததல்ல. கேக் எழும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சூடு சட்டென்று வெளியேறிவிடும். மாவு இன்னும் இறுகாத நிலையில் அப்படி நடந்தால் கேக்கின் நடுப்பகுதி அமுங்கிவிடும், மறுபடி எழும்பாது. மேசை மேல் வைக்கும் சின்ன ஓ.டி.ஜி.யில் (அவன், டோஸ்டர், கிரில்லர் மூன்றும் சேர்ந்தது) இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். உள்ளே இருக்கும் காற்றே கொஞ்சம்தான், ஒரு தடவை திறந்தால் அத்தனையும் போய்விடும். கதவைத் தொடாமல் கண்ணாடி வழியே நிறத்தையும் எழுச்சியையும் பார்க்கத்தான் அந்தச் சின்ன பல்ப்.

விளக்கு எரியவில்லை என்றதும் பலர் நேராகக் கடைக்குப் போய் ஒரு பல்பை வாங்கிவந்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரம் பல்ப்தான் போயிருக்கும் என்பது உண்மை. ஆனாலும் கழற்றுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கவனியுங்கள். அடுப்பு சூடாகிறது, விளக்கு மட்டும் எரியவில்லையா? முதலில் எரிந்துவிட்டு, சூடேறிய பிறகு அணைகிறதா? எரிந்த நொடியிலேயே மெயின் டிரிப் ஆகிவிட்டதா? மூன்றும் மூன்று விதமான பழுது. எந்த நேரத்தில், எந்த நிலையில் எரியவில்லை என்று தெரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்தது.

இங்கே சொல்வது ஓ.டி.ஜி.க்கும், சமையலறை அலமாரியோடு பொருத்தும் பில்ட்-இன் மின்சார அவனுக்கும் பொருந்தும். மைக்ரோவேவ் வேறு கதை, கடைசியில் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

அவன் விளக்குக்கு வருவதும் 230 வோல்ட்தான். சின்ன பல்ப் என்பதால் ஷாக் சின்னதாக அடிக்காது. ஓ.டி.ஜி.யாக இருந்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். அப்படி இருந்தால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும். பல்ப் அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் அப்படியே நிற்கும்.

பில்ட்-இன் அவனுக்குப் பிளக் அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும், கை எட்டாது. வீட்டுக்குள் மின்சாரம் பிரியும் டி.பி. பாக்ஸில் அதற்கான எம்.சி.பி.யை (மின்சாரம் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) அணைக்க வேண்டும். அணைத்ததும் அவனின் கடிகாரம் இருண்டுவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எம்.சி.பி. மேல் எழுதியிருக்கும் பெயர் எப்போதும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. அணைத்திருக்கும்போது வேறு யாராவது வந்து தள்ளிவிடாமல் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அடுத்தது சூடு. சற்று முன் பேக் செய்திருந்தால் முழுக்க ஆறும் வரை காத்திருங்கள். கதவு தொட ஆறியிருந்தாலும் விளக்கின் கண்ணாடி மூடி இன்னும் சூட்டை வைத்திருக்கும்.

விளக்கும் எரியவில்லை, சூடும் வரவில்லை

இது விளக்குப் பழுது அல்ல. மின்சாரமே உள்ளே வரவில்லை. அதே பாயிண்டில் வேறு ஏதாவது சாதனத்தை மாட்டிப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் பாயிண்டில்தான் கோளாறு. பிளக்கின் பின்கள் கறுத்திருந்தாலோ, பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தாலோ அந்தப் பாயிண்டில் இனி அவனை மாட்டாதீர்கள். 1500, 2000 வாட் எடுக்கும் சாதனத்துக்குத் தளர்ந்த பாயிண்ட் ஆபத்து.

ஓ.டி.ஜி. என்றால் டைமரையும் பாருங்கள். பல மாடல்களில் டைமர் சுழியத்தில் நின்றால் விளக்கு, சூடேற்றும் கம்பி எதற்கும் மின்சாரம் போகாது. வெப்பநிலைக் குமிழை மட்டும் திருப்பிவிட்டு, ஒன்றுமே வேலை செய்யவில்லை என்று பதறுபவர்கள் உண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: விளக்கு எரிகிறது, சூடு மட்டும் வரவில்லை. பில்ட்-இன் அவனில் இது மின்வெட்டுக்குப் பிறகு அடிக்கடி நடக்கும். கரண்ட் வந்ததும் கடிகாரம் சுழியத்தில் நின்று மினுக்கும். நேரத்தைத் திருத்தும் வரை பல மாடல்கள் சூடேறாது. நேரத்தை வைத்துவிட்டுப் பாருங்கள்.

சூடு வருகிறது, உள்விளக்கு மட்டும் எரியவில்லை

இதுதான் அதிகம் வரும் புகார். பல்பைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் மாடலில் உள்விளக்கு உண்டா? சின்ன ஓ.டி.ஜி.க்களில் பலவற்றுக்கு உள்விளக்கே கிடையாது. முன்பக்கம் குமிழ்களுக்குப் பக்கத்தில் எரியும் சிவப்புப் புள்ளி மின்சாரம் வருவதைக் காட்டும் இண்டிகேட்டர். அதற்கும் உள்விளக்குக்கும் சம்பந்தம் இல்லை. பழைய அவனில் விளக்கு இருந்தது, புதிதில் இல்லை என்றால் அது மாடல் வித்தியாசம்.

அடுத்து, இப்போது எரிய வேண்டிய நேரமா? பில்ட்-இன் அவன்களில் சிலவற்றில் மின்சாரம் சேமிக்கும் ஈகோ முறையில் விளக்கு எரியாது. தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பைரோலிடிக் முறையில் உள்ளே சூடு 400 டிகிரியைத் தாண்டும்; அப்போதும் பெரும்பாலான மாடல்கள் விளக்கை அணைத்தே வைத்திருக்கும். சில மாடல்கள் கதவைத் திறந்தபடி விட்டால் கொஞ்ச நிமிடத்தில் தானாக அணைத்துவிடும். குமிழில் விளக்குப் படம் போட்ட நிலை ஒன்று இருக்கும். அதில் வைத்துப் பாருங்கள். அங்கே எரிந்தால் பல்பில் குறை இல்லை.

அங்கேயும் எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

பல்ப் பெரும்பாலும் பின்சுவரில் ஒரு மேல் மூலையிலோ, பக்கச் சுவரிலோ, கூரையிலோ இருக்கும். அதன் மேல் தடித்த கண்ணாடி மூடி ஒன்று உண்டு. வட்டமான மூடி என்றால் கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருகினால் கழலும். நீள்சதுர மூடி என்றால் ஒரு பக்கம் கிளிப் பிடித்திருக்கும். தட்டையான மரக் கரண்டிக் காம்பால் மெல்ல நெம்பினால் வெளியே வரும். தட்டுகள் வைக்கும் பக்கக் கம்பிகள் குறுக்கே இருந்தால் முதலில் அவற்றைக் கழற்றுங்கள். கீழே ஒரு துணியை விரித்துவிட்டு வேலை செய்தால், மூடி கை நழுவினாலும் உடையாது.

வெண்ணெயும் எண்ணெயும் தெறித்துத் தெறித்து அந்தத் திருகு மரைகளில் பழுப்புப் பசையாக ஒட்டிப்போயிருக்கும். மூடி அசையவே அசையாது. ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் தட்டாதீர்கள், கண்ணாடி விளிம்பு சில்லாகும். அவனை 50 டிகிரியில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள். பசை இளகியிருக்கும். அதற்கும் அசையாவிட்டால் மூடியின் விளிம்பைச் சுற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டவைத்துவிட்டு முயலுங்கள். தண்ணீர் ஹோல்டர் பக்கம் வழியக் கூடாது. சூடான கண்ணாடி மேல் ஈரத்துணியை வைக்கவும் கூடாது, விரிசல் விழும்.

சில ஓ.டி.ஜி.க்களில் பல்பை உள்ளிருந்து எடுக்கவே வழி இருக்காது. வெளித் தகட்டைக் கழற்றினால்தான் பக்கவாட்டில் ஹோல்டர் தெரியும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் அவன் என்றால் அந்தத் தகட்டைத் திறக்காமல் சர்வீஸுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

பல்ப் கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழை அறுந்து ஒரு முனை தொங்கலாம். கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளி கலந்த கறுப்பாகப் படிந்திருக்கலாம். டங்ஸ்டன் இழை ஆவியாகிப் படிந்த படிவு அது. இவற்றில் எது தெரிந்தாலும் பல்ப் போய்விட்டது. ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். காம்புக்குப் பக்கத்தில் அறுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓம் அளவையில் வைத்து ஒரு முனையைப் பல்பின் அடிப்புள்ளியிலும் மறு முனையைத் திருகுப் பகுதியிலும் தொடுங்கள். 25 வாட் பல்ப் நன்றாக இருந்தால் சுமார் 150 முதல் 200 ஓம் வரை காட்டும். கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கலாம். 230 வோல்ட்டில் 25 வாட் என்றால் 2100 ஓமுக்கு மேல் வர வேண்டுமே? அது இழை வெண்சூட்டில் எரியும்போது உள்ள மின்தடை. ஆறிய இழையின் மின்தடை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாமல் ஓ.எல். என்றோ 1 என்றோ நின்றால் இழை அறுந்துவிட்டது.

புதிய பல்ப் வாங்கும்போது

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். அவனுக்கு அவன் பல்ப்தான் போட வேண்டும். பழைய பல்பைக் கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள்.

நம் வீட்டு விளக்குகளுக்குப் பழகியது இரண்டு பின் நீட்டிக்கொண்டிருக்கும் பி22 அடி. அவனில் பெரும்பாலும் இருப்பது இ14 என்ற சின்னத் திருகு அடி; அதன் குறுக்களவு 14 மில்லிமீட்டர். 15, 25, 40 வாட்களில் வரும். புதிய பில்ட்-இன் மாடல்களில் ஜி9 என்ற ஹாலஜன் பல்ப் இருக்கும். விரல் நுனி அளவுதான் இருக்கும், இரண்டு கம்பி வளையங்கள் கால்போல் நீட்டியிருக்கும். அதைத் திருகக் கூடாது, நேராக இழுக்க வேண்டும், நேராகச் செருக வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், ஃப்ரிட்ஜ் பல்பும் அதே இ14, அதே 15 வாட், பார்வைக்கும் அதே உருவம். கடைக்காரர் நல்ல எண்ணத்தோடேயே அதை எடுத்துக் கொடுத்துவிடுவார். மாட்டினால் எரியவும் செய்யும். ஆனால் அது குளிரில் இருப்பதற்காகச் செய்தது. 200 டிகிரி சூட்டில் கண்ணாடியையும் உலோக அடியையும் ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். அடுத்த முறை கழற்றும்போது கண்ணாடி மட்டும் கையோடு வரும், திருகு ஹோல்டரிலேயே தங்கிவிடும். சில நேரம் சமைத்துக்கொண்டிருக்கும்போதே உடையும். பல்பின் கண்ணாடியிலோ அடியிலோ 300 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது அவன் பல்ப் அல்ல.

எல்.இ.டி. போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சூடு படாத இடத்தில் எல்.இ.டி. அருமையானதுதான். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண எல்.இ.டி. பல்பின் அடியில் மின்னணுப் பாகங்கள் இருக்கின்றன, மேல்மூடி பிளாஸ்டிக். அவன் சூட்டில் அது உருகும், புகையும், அந்த நாற்றம் சாப்பாட்டில் ஏறும். போடாதீர்கள். எல்.இ.டி.யோடு வரும் சில அவன்களில் அது சூட்டிலிருந்து தள்ளிவைத்துக் கட்டியிருக்கும் தனி அமைப்பு. அது கெட்டால் நிறுவனத்தின் பாகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வாட் அளவையும் கூட்டாதீர்கள். 25 இருந்த இடத்தில் 40 போட்டால் வெளிச்சம் கூடும், கூடவே ஹோல்டருக்கும் ஒயருக்கும் சூடும் கூடும்.

மாட்டும்போது ஹாலஜனை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்ப் சீக்கிரம் போகும். சுத்தமான துணியாலோ டிஷ்யூவாலோ பிடியுங்கள். தொட்டுவிட்டால் கொஞ்சம் ஸ்பிரிட்டில் துடைத்து உலரவிடுங்கள். இ14 பல்பைக் கை இறுக்கத்துக்கு மேல் இறுக்காதீர்கள். கண்ணாடி மூடியை மறக்காமல் மாட்டிவிட்டு, அதன் பிறகு மின்சாரம் கொடுங்கள்.

புது பல்பும் எரியவில்லை

புது பல்பையும் ஒருமுறை மீட்டரில் பார்த்துவிடுங்கள். பெட்டியிலேயே இழை அறுந்து வருவதும் உண்டு. அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஹோல்டர்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து ஹோல்டரின் அடியைப் பாருங்கள். நடுவில் சின்னப் பித்தளை நாக்கு ஒன்று இருக்கும். பல்பின் அடிப்புள்ளி அதைத்தான் தொட வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து அது வில்தன்மை இழந்து தட்டையாகப் படுத்திருக்கும். அல்லது யாரோ பல்பை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கியதில் அமுங்கியிருக்கும். பல்ப் முழுக்கத் திருகியிருப்பதுபோல் தெரியும், ஆனால் தொடுதல் இருக்காது. மரக் குச்சியாலோ பல் குத்தும் குச்சியாலோ அந்த நாக்கை ஓரிரு மில்லிமீட்டர் மேலே தூக்கிவிடுங்கள். அதற்கு மேல் தூக்கினால் பக்கத்துத் திருகுச் சுவரில் பட்டு ஷார்ட் ஆகிவிடும். நாக்கு கறுத்திருந்தால் நைசான எமரித் தாளை ஒரு குச்சியில் சுற்றி மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். நிறைய அவன்கள் இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும்.

ஹோல்டரின் பீங்கான் விரிசல் விட்டிருந்தாலோ, நாக்கு ஒடிந்திருந்தாலோ ஹோல்டரையே மாற்ற வேண்டும். அது பெரும்பாலும் பின்பக்கத் தகட்டைத் திறக்கும் வேலை. செய்யத் தெரிந்தவர்கள் செய்யலாம், ஆனால் இரண்டு விஷயம் கட்டாயம். பழைய ஒயரின் உறை சூட்டில் காய்ந்து முறுக்குபோல் நொறுங்கும். அதை வளைத்துச் சேர்க்காமல் ஒயரையும் மாற்றுங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் பி.வி.சி. ஒயர் சுமார் 70 டிகிரிதான் தாங்கும், இங்கே உதவாது; 180 டிகிரி தாங்கும் சிலிகான் ஒயர் வேண்டும், மேலே கண்ணாடியிழை சிலீவ் போடுவது இன்னும் நல்லது. இணைப்பைக் கறுப்பு டேப்பால் சுற்றுவதும் ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் வேண்டாம். டேப் உருகும்; எலக்ட்ரீஷியன்கள் வழக்கமாக வைத்திருக்கும் ஈயப் பற்றாசு 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அழுத்திப் பொருத்தும் உலோக டெர்மினலோ பீங்கான் கனெக்டரோதான் சரி.

ஹோல்டரும் நன்றாக இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது சுவிட்ச், செலக்டர் குமிழ், கண்ட்ரோல் போர்டு. விளக்குக்குத் தனிப் பட்டன் இருந்தால் அதை அழுத்தும்போது பழைய டிக் சத்தம் வருகிறதா, தளர்ந்து தொளதொளவென்று இருக்கிறதா என்று கவனியுங்கள். தொடுதிரை மாடலில் பட்டனைத் தொட்டதும் உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டிக்கென்று அடிக்கும் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டும் பல்புக்கு மின்சாரம் வரவில்லை என்றால் ரிலேயின் முனைகள் தீய்ந்திருக்கலாம். மின்சாரம் ஓடும்போது ஹோல்டரில் வோல்ட் அளந்துதான் இதை உறுதிசெய்ய முடியும். அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எரிகிறது, ஆனால் மினுக்குகிறது, சூடேறியதும் அணைகிறது

ஆறிய அவனில் ஒழுங்காக எரிந்து, பத்து இருபது நிமிடம் கழித்து அணைந்து, ஆறியதும் திரும்ப எரிந்தால் பல்பைக் குற்றம் சொல்லாதீர்கள். சூட்டில் உலோகம் விரியும்போது ஏதோ ஒரு தொடுதல் விட்டுப்போகிறது. முதலில் பல்பைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். பிறகு மேலே சொன்ன பித்தளை நாக்கு. அதுவும் சரியாக இருந்தால் ஹோல்டருக்குப் பின்னால் ஒயர் மாட்டும் டெர்மினல் தளர்ந்திருக்கும்.

கதவைச் சாத்தும்போது மட்டும் மினுக்கினால் பல்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது கதவுச் சுவிட்ச் உள்ள மாடலில் அந்தச் சுவிட்ச் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது. வீட்டு விளக்குகள் எல்லாமே சேர்ந்து மங்கினால் அது வோல்டேஜ் பிரச்சினை. அவனைத் திறக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள்: மினுக்கலோடு கரகரவென்ற சத்தமோ தீய்ந்த வாடையோ வந்தால், தளர்ந்த இணைப்பில் தீப்பொறி பறக்கிறது என்று அர்த்தம். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அதைச் சரிசெய்யாமல் திரும்ப ஓட்டாதீர்கள்.

வெளிச்சம் மங்கலாக இருக்கிறது

கண்ணாடி மூடியைக் கழற்றிச் சமையல் சோடாவும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்த்தி மாட்டுங்கள். பத்தில் ஒன்பது தடவை அவ்வளவுதான் விஷயம். கதவுக் கண்ணாடியின் உட்பக்கத்தையும் துடையுங்கள்.

பல்ப் அடிக்கடி ஃபியூஸ் ஆகிறது

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பல்ப் போகிறது என்றால் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அவன் பல்பே இல்லாத ஒன்றைப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம் வோல்டேஜ். இழை பல்பின் ஆயுள் வோல்டேஜுக்கு ரொம்பவே கட்டுப்பட்டது. ஐந்து சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் இரவு நேரத்தில் வோல்டேஜ் ஏறி நிற்பது உண்டு. எலக்ட்ரீஷியனை விட்டு இரவில் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே கூடுதலாக இருந்தால் மின்வாரியத்தில் புகார் கொடுக்கலாம். அந்த வோல்டேஜ் அவன் பல்பை மட்டுமல்ல, வீட்டில் உள்ள மற்ற சாதனங்களையும் தின்னும்.

அடுத்த காரணம் கதவை அறைந்து சாத்துவது. எரிந்துகொண்டிருக்கும் இழை அதிர்ச்சியைத் தாங்காது. கண்ணாடி மூடி இல்லாமல் ஓட்டுவதும் அப்படித்தான்; சூடான பல்பில் குழம்போ எண்ணெயோ ஒரு துளி தெறித்தால் போதும், விரிசல் விட்டுவிடும். மூடி உடைந்துவிட்டால் புது மூடி வரும் வரை அவனை ஓட்டாதீர்கள். ஆவியும் எண்ணெய்ப் புகையும் நேராக ஹோல்டருக்குள் போய்ப் படியும். அடுத்த பகுதியில் சொல்லும் டிரிப் பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்கும்.

விளக்கு போட்டதும் மெயின் டிரிப் ஆகிறது

எது விழுந்தது என்று டி.பி. பாக்ஸில் பாருங்கள். எம்.சி.பி. விழுந்ததா, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் வெட்டும் சுவிட்ச்) விழுந்ததா என்பதில்தான் பதில் இருக்கிறது.

எம்.சி.பி. விழுந்தால் அதிக மின்சாரம் ஓடியிருக்கிறது. பல்ப் ஃபியூஸ் ஆகும் நொடியில் அறுந்த இழையின் முனைகளுக்கு நடுவே மின்வில் பாய்ந்து, ஒரு கணம் மின்சாரம் எகிறும். அதனாலும் எம்.சி.பி. விழலாம். பல்பைக் கழற்றிவிட்டு, மூடியை மாட்டி, எம்.சி.பி.யைத் தூக்கிப் பாருங்கள். நின்றால் பயமில்லை, புது பல்ப் போதும். பல்ப் இல்லாமலும் விழுந்தால் ஹோல்டரிலோ ஒயரிலோ ஷார்ட் இருக்கிறது. திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால், அதைப் பலர் இன்னும் இ.எல்.சி.பி. என்றுதான் சொல்வார்கள், மின்சாரம் அவனின் உலோக உடலுக்குக் கசிகிறது. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டும் வகை. அவனைச் சுத்தம் செய்த மறுநாள் இப்படி ஆனால் ஹோல்டருக்குள் ஈரம் போயிருக்கிறது. ஸ்ப்ரே பாட்டிலால் உள்ளே அடித்துத் துடைப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி மூடியைக் கழற்றி, கதவைத் திறந்துவைத்து ஒரு நாள் முழுக்க நன்றாக உலரவிடுங்கள். சரியாகிவிட்டால் இனிமேல் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். சரியாகவில்லை என்றால் ஒயர் உறை உதிர்ந்து தகட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

விளக்கு மட்டும் போட்டால் ஆர்.சி.சி.பி. விழாமல் நிற்கிறது, சூடு போட்டதும்தான் விழுகிறது என்றால் விளக்கை விட்டுவிடுங்கள். கசிவு ஹீட்டர் கம்பியில் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. விழுகிறதே என்று அதைத் தவிர்த்து வேறு லைனில் அவனை மாட்டி ஓட்டும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது விழுவதால்தான் அவனைத் தொடுகிறவர் தப்பிக்கிறார்.

பல்ப் உடைந்து அடி உள்ளேயே மாட்டிக்கொண்டது

மின்சாரம் துண்டித்திருப்பதை இரண்டாம் முறையும் உறுதிசெய்யுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், தடித்த கையுறை போடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் சில்லுகளை முதலில் எடுத்துவிட்டு, நோஸ் பிளேயரின் மூக்கை உலோக அடிக்குள் விட்டு வெளிப்பக்கமாக விரித்துப் பிடித்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். வரவில்லை என்றால் அடியின் விளிம்பை உள்பக்கமாக மடக்கினால் பிடி தளரும். உருளைக்கிழங்கைக் குத்தித் திருப்பும் வழியைப் பலர் சொல்வார்கள். அது ஹோல்டருக்குள் ஈரத்தை விட்டுவைக்கும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிறகு உள்ளே விழுந்த கண்ணாடித் துகளை வாக்குவம் வைத்து உறிஞ்சி, ஈரத்தாளால் ஒற்றி எடுங்கள். அடித்தட்டின் மூலைகள், ஹீட்டர் கம்பியின் அடி, விசிறித் தகட்டின் துளைகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அவனுக்குள் திறந்திருந்த உணவு என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது

சமைக்கும் நேரம் முழுவதும் எரிவது பல மாடல்களின் இயல்பு, அது பழுதல்ல. அணைத்த பிறகும், கதவு சாத்தியிருந்தும் எரிந்தால் கதவுச் சுவிட்சைப் பாருங்கள். கதவுச் சட்டத்தில் சின்னப் பொத்தான் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் அழுத்தினால் விளக்கு அணைய வேண்டும், விட்டால் பொத்தான் துள்ளி வெளியே வர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டால் சுற்றித் துடையுங்கள். விரலால் அழுத்தினால் அணைகிறது, கதவு சாத்தினால் அணையவில்லை என்றால் கதவு சரியாகப் பதியவில்லை. கதவுக் கீலும் ரப்பரும் தளர்ந்திருக்கும். அதனால் சூடும் கசியும் என்பதால் விளக்கைவிட அது முக்கியம்.

மைக்ரோவேவ் விளக்கு

மைக்ரோவேவிலும் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவிலும் பல்ப் பெரும்பாலும் வெளிக்கூட்டுக்குள் இருக்கும். உள்ளிருந்து எடுக்கத் தனி மூடி இருக்கிறது, கையேட்டிலும் அப்படிச் சொல்லியிருக்கிறது என்றால் மட்டும் நீங்களே மாற்றுங்கள். இல்லை என்றால் கூட்டைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கபாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்லும் அளவு அது. விளக்கும் எரியாமல், ஸ்டார்ட் அழுத்தினால் ஓடவும் இல்லை என்றால் கதவுப் பூட்டுச் சுவிட்சோ உள் ஃபியூஸோ போயிருக்கும், அதுவும் மெக்கானிக் வேலைதான்.

விளக்கு சரியாகும் வரை

பல்ப் மட்டும் ஃபியூஸ் ஆகியிருந்து, கண்ணாடி மூடி ஒழுங்காக இருந்து, டிரிப்பும் தீய்ந்த வாடையும் இல்லை என்றால் அவனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். போன் டார்ச்சைக் கதவுக் கண்ணாடியில் ஒட்டாமல், கொஞ்சம் தள்ளி, சாய்வாகப் பிடித்தால் கேக்கின் மேற்பரப்பு நன்றாகவே தெரியும். நேராகப் பிடித்தால் வெளிச்சம் திரும்பிக் கண்ணில் அடிக்கும்.

சர்வீஸுக்குப் போன் செய்வதாக இருந்தால் மாடல் எண்ணை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்ட்-இன் அவனில் கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்திலும், ஓ.டி.ஜி.யில் பின்பக்கத்திலும் ஸ்டிக்கர் இருக்கும். வெறுமனே விளக்கு எரியவில்லை என்று சொல்லாமல், பல்பை மாற்றியாயிற்றா, சூடேறினால்தான் அணைகிறதா, எம்.சி.பி. விழுந்ததா ஆர்.சி.சி.பி. விழுந்ததா என்று சொன்னால், வருகிறவர் பல்பையோ ஹோல்டரையோ கையோடு எடுத்துவருவார். பார்த்துவிட்டுப் போய் மறுபடி வரும் இரண்டாவது விசிட்டும் அதற்கான கட்டணமும் மிச்சம்.